மேற்குப் படிகள்

ஜனவரி 9

அண்ணா,

போனில் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். சரி, எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் நாலு வரி படித்துவிட்டுத்தான் கிழிப்பாய். மளிகைப் பொட்டலம் கட்டி வந்த காகிதத்தையே விரித்து வைத்துப் படிக்கிற ஆள் நீ. அதனால் விஷயத்தை அந்த நாலு வரிக்குள் சொல்லிவிடுகிறேன். உன் மாப்பிள்ளைக்கு, என் வீட்டுக்காரருக்குத்தான், தொண்டையில் கட்டி. ஆபரேஷன் முடிந்துவிட்டது. கட்டியோடு குரல்வளையையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை, ஆனால் இனிமேல் பேச்சு வராது.

நீ கிழிக்கவில்லை என்று வைத்துக்கொண்டு மிச்சத்தையும் எழுதுகிறேன்.

நாம் மூன்று பேரும் சேர்ந்து ஆரம்பித்த மாடி ரெஸ்டாரன்டில் இப்போது நான் ஒருத்திதான். சமையலறையும் நான், வாசலும் நான். சமையல் எனக்கு ஒன்றுமில்லை. வாசல்தான் கொல்கிறது. உனக்குத் தெரியாததா? வருகிற எல்லோருக்கும் மேற்குப் பக்கம்தான் வேண்டும். சூரியன் இறங்கும்வரை அங்கே உட்காரவைத்து, இறங்கியதும் மனம் கோணாமல் எழுப்பி உள் மேஜைக்குக் கொண்டுபோக வேண்டும். விளக்கு எரிகிற ஊரைப் பார்க்க வருகிற அடுத்த கூட்டத்துக்கு அந்த இடத்தைக் கொடுக்க வேண்டும். இவர் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைப்பார், சிரித்துக்கொண்டே எழுந்துவிடுவார்கள். நேற்று நான் ஓர் அம்மாவிடம் போய், "உள்ள வந்து உக்காருங்களேன், சாப்பாடு அங்கதான் வைக்கிறோம்" என்றேன். "நாங்க என்ன சினிமாவா பாத்தோம், முடிஞ்சதும் எந்திரிச்சுப் போக?" என்று கேட்டார். அவர் அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே கை துடைத்து, அங்கேயே ஏப்பம் விட்டுவிட்டுப் போனார். நின்றுகொண்டிருந்தவர்கள் பாதிப் பேர் லிப்டில் இறங்கிப் போய்விட்டார்கள்.

இவர் மாடிப் பக்கமே வருவதில்லை. கீழே வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். கூப்பிட்டால், "பேசாம வாசல்ல நின்னா பொம்மைன்னு நெனச்சு பக்கத்துல நின்னு போட்டோ எடுப்பாங்க" என்று போனில் தட்டிக் காட்டுகிறார். தொண்டை போனாலும் நக்கல் போகவில்லை.

கட்டிடத்துக்காரர் வந்தார். மொட்டை மாடியை செல்போன் டவர்காரர்கள் கேட்கிறார்களாம். தொடர்கிறேனா, விடுகிறேனா என்று மார்ச் கடைசிக்குள் சொல்ல வேண்டும். நீ வந்து வாசலில் நின்றால் தொடர்வேன். இல்லாவிட்டால் விட்டுவிடுவேன். மிரட்டவில்லை அண்ணா. அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

தங்கை


ஜனவரி 17

தங்கச்சிக்கு,

கிழிக்கவில்லை.

மாப்பிள்ளைக்கு இப்படி ஆனதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. நீங்கள் இருவரும் வேறு மாதிரி நினைக்கக்கூடும் என்பதால் எழுத்திலேயே சொல்லி வைக்கிறேன். ஆனால் உன் நாலு வரியைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது, 'இனி அந்த ஜோக்கை யார் சொல்வார்கள்?' என்பதுதான். அதையும் மறைக்க விரும்பவில்லை.

உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. கல்லூரியில் பூகோளம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு மரியாதையாக இருந்தவன் நான். "மச்சான், உங்களை மாதிரி நாலு எழுத்துப் படிச்சவர் வாசல்ல நின்னாத்தான் இடத்துக்கு ஒரு கெத்து" என்று சொல்லி வேலையை விடவைத்தவர் மாப்பிள்ளை. நாம் இடம் பார்க்கப் போனது டிசம்பரில். எதிரே இரண்டு உயரக் கட்டிடங்கள், நடுவில் ஓர் இடைவெளி, அதற்குள் சூரியன் தபால்பெட்டியில் போட்ட மாதிரி விழுந்தது. மாப்பிள்ளை துள்ளிவிட்டார். "இதுக்கு நேரா படி கட்டுறோம். ஜனங்க வரிசையா உக்காந்து பாக்கட்டும்" என்றார். நகர்த்த முடியாத சிமென்ட் படிகள். சூரியன் வருஷம் முழுக்க ஒரே இடத்தில் மறையாது, கோடையில் வலப்பக்கம் வெகுதூரம் போய்விடும், பக்கத்துக் கட்டிடத்தின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்தான் விழும், நகர்த்துகிற பெஞ்சாகப் போடுங்கள் என்று நான் சொன்னேன். சொன்னபோது நீ இருந்தாய். கேட்டாய்.

கோடை வந்தது. ஜனங்கள் வரிசையாக உட்கார்ந்து ஒன்றுமில்லாத இடைவெளியைப் பார்த்தார்கள். சூரியன் தொட்டிக்குப் பின்னால் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளை என்ன செய்தார்? கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவர்களிடம் போய், "என்னங்க பண்றது, எங்க மச்சான் பூகோள வாத்தியார். சூரியன் மேற்கே மறையும்னு புஸ்தகத்துல இருந்துச்சாம், நம்பிட்டாரு" என்றார். ஒரு நாள் இல்லை, தினமும். நான் வாசலில் நீலக் கோட்டு மாட்டிக்கொண்டு மேஜை காட்டிக்கொண்டிருக்க, என் முதுகுக்குப் பின்னால் தினமும் அதே சிரிப்பு. கடைசியில் என் பழைய துறைத் தலைவர் குடும்பத்தோடு வந்திருந்த அன்றும் சொன்னார். தலைவர் தொடையில் தட்டிச் சிரித்தார். நீ கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்று சிரித்தாய். மாப்பிள்ளை சிரித்ததற்காக நான் கோட்டைக் கழற்றவில்லை. நீ சிரித்ததற்காகக் கழற்றினேன்.

எனக்கு வேண்டியது ஒரு வரி. 'நீ சொன்னாய், நான் கேட்டேன்' என்று எழுது. வருகிறேன். போனில் வேண்டாம். பேச்சை நாளைக்கு இல்லை என்று சொல்லிவிடலாம்.

அண்ணன்


ஜனவரி 26

அண்ணா,

ஒரு வரிதான் கேட்கிறாய். கொடுத்துவிட்டு உன்னை வரவழைத்துக்கொள்ளலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. நீ சொன்னது எனக்கு நினைவில்லை.

சொல்லியிருப்பாய். சொல்லவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நீ சொல்கிற விதம் உனக்குத் தெரியாது. தேவையில்லாத விஷயத்துக்கு அரை மணி நேரம் பாடம் எடுப்பாய். தலைபோகிற விஷயத்தைச் சுவரைப் பார்த்து முணுமுணுப்பாய். எங்களுக்குக் காது கேட்கவில்லை என்றால், 'நான் அப்பவே சொன்னேன்' என்று வருஷக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய். அந்த டிசம்பரில் நான் புகைபோக்கி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கொத்தனாரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். அதுதான் நினைவிருக்கிறது. புகை இன்றைக்கும் என் மூஞ்சியில்தான் வருகிறது.

சிரித்தது உண்மை. அதை இல்லை என்று சொல்லமாட்டேன். ஜோக் நன்றாக இருந்தது அண்ணா. வேறு யாரையாவது பற்றி இருந்தால் நீயும் சிரித்திருப்பாய்.

இப்போது அதை யார் சொல்கிறார்கள் என்று கேட்டாயே? பெரிய வெயிட்டரை எல்லோரும் சித்தப்பா என்பார்களே, அவர் எடுத்துக்கொண்டார். முந்தாநாள் ஒரு மேஜையில், "எங்க முதலாளியோட மச்சான் சரித்திர வாத்தியார், சூரியன் மேற்கே மறையும்னு நம்பிட்டாரு" என்றார். பூகோளம் சரித்திரமாகிவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருத்தர் மட்டும், "மேற்கேதானே மறையும்?" என்று சந்தேகம் கேட்டார். சித்தப்பா தலையைச் சொறிந்துகொண்டு வந்துவிட்டார்.

கீழே போய் இவரிடம் சொன்னேன். சத்தமில்லாமல் ஓர் ஆள் சிரிப்பதை நீ பார்த்திருக்கிறாயா? தோள் மட்டும் குலுங்குகிறது. சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று கிட்டே போய் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அன்றைக்குக் கிட்டே போய்ப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

தங்கை


பிப்ரவரி 5

தங்கச்சிக்கு,

'நினைவில்லை' என்பது வசதியான பதில். என் மாணவர்களும் அதைத்தான் எழுதுகிறார்கள், வேறு வார்த்தைகளில். நான் மதிப்பெண் போடுவதில்லை.

நான் இருக்கும் இடத்தைப் பற்றி நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு டியூஷன் சென்டர். அதற்குப் பின்னால் என் அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு ஏசி பெட்டியின் பின்புறம். அது சொட்டிக்கொண்டே இருக்கும். அதுதான் என் நகரக் காட்சி. பரீட்சை எழுதி எழுதித் தோற்றவர்கள் இங்கே வருகிறார்கள். நானும் அவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம். யாரும் ஜோக் சொல்வதில்லை. அது ஒரு நிம்மதி.

உன் தொழிலைப் பற்றி எனக்கு எந்த மயக்கமும் மிச்சமில்லை. இத்தனை மாலைகள் அந்த வாசலில் நின்று நான் பார்த்தது முதுகுகளைத்தான். சூரியனைப் பார்க்க வருகிறோம் என்கிறார்கள். வந்ததும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு தங்கள் முகத்தைப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பின்னால் அது, வேலை முடிந்த குமாஸ்தா மாதிரி, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போகிறது. பிறகு படத்தில் சூரியன் சரியாக விழவில்லை என்று வெயிட்டரிடம் குறை சொல்கிறார்கள்.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறேன் என்கிறாய். வைத்துக்கொள்கிறேன்தான். நான் முணுமுணுத்தேன் என்றால், என் பேச்சு எடுபடாத வீட்டில் வேறு எப்படிப் பேசுவது? உன் கல்யாணத்துக்கு மண்டபம் பார்த்தபோது மாடிப்படி குறுகல், கூட்டம் தாங்காது என்று சொன்னேன். யாரும் கேட்கவில்லை. பந்திக்கு இறங்கினவர்கள் பாதிப் படியில் சிக்கிக்கொண்டு நின்றார்கள். அதற்கும் 'அண்ணன் பார்த்த மண்டபம்' என்றுதான் பெயர். என் தலையெழுத்து எப்போதும் படிக்கட்டில்தான் இருக்கிறது போல.

நேற்று வராத ஒரு பையனைத் தேடி இந்தக் கட்டிடத்தின் மொட்டை மாடிக்குப் போனேன். சாயங்காலம். கொடியில் துணி, உடைந்த நாற்காலி, அப்பால் சூரியன். உன் இடைவெளியின் வலது விளிம்பை இந்நேரம் தொட்டிருக்கும் என்று கணக்குப் போட்டேன். எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது. இறங்கி வந்துவிட்டேன்.

வரமாட்டேன். அந்த வரி இல்லாமல் வரமாட்டேன்.

அண்ணன்


பிப்ரவரி 15

அண்ணா,

உன் கணக்கு சரி. வலது விளிம்பைத்தான் தொடுகிறது. படியில் உட்கார்கிறவர்கள் சாய ஆரம்பித்துவிட்டார்கள்.

போன வெள்ளிக்கிழமை நல்ல கூட்டம். நான் கேட்காமலேயே இவர் சட்டை மாற்றிக்கொண்டு, கழுத்தில் என் மப்ளரைச் சுற்றிக்கொண்டு மேலே வந்தார். வாசலில் நின்று கையைக் கூப்பி, கையைக் காட்டி, மேஜை மேஜையாக உட்காரவைத்தார். எனக்கு அடுப்படியில் இருப்பே கொள்ளவில்லை. எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சூரியன் இறங்கியது. மேற்குச் சுவரோர மேஜைக்குப் போய், உள்ளே வாருங்கள் என்று கையைக் காட்டினார். அந்த ஆளுக்கு விளங்கவில்லை. "என்ன வேணும்? வாயத் தொறந்து சொல்லுங்க சார்" என்றான். அவன் தப்பாகச் சொல்லவில்லை. அவனுக்கு என்ன தெரியும்? பக்கத்து மேஜையில் ஒரு குழந்தை, "தாத்தா ஏம்மா பேசமாட்டேங்குறாங்க?" என்று கேட்டது. இவருக்கு இன்னும் முழுசாக முடிகூட நரைக்கவில்லை. மப்ளரை இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டு கீழே போய்விட்டார். அதற்குப் பிறகு மேலே வரவில்லை.

அன்றைக்கு நான் ரசத்தில் உப்பை இரண்டு தரம் போட்டேன். அதற்கு முன்னால் ஒரு நாள் போடவே இல்லை. சித்தப்பா, "சராசரி பாத்தா சரியாத்தான் வருதும்மா" என்றார்.

நீ வாசலில் நின்ற காலத்தில் எப்படி எழுப்புவாய் என்று யோசித்துப் பார்த்தேன். நீ ஜோக் சொல்லமாட்டாய், கெஞ்சவும் மாட்டாய். பக்கத்தில் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாய். பாடம் முடிந்துவிட்டது என்கிற மாதிரி ஒரு முகம். அவர்களாகவே பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். அது வேறு யாருக்கும் வராது அண்ணா. நான் கண்ணாடி முன்னால் நின்று செய்து பார்த்தேன். பல்வலி வந்தவள் மாதிரி இருந்தது.

மதியம் யாரும் இல்லாதபோது நம் படியில் போய் உட்காருகிறேன். ஊர் முழுக்கத் தெரிகிறது. எல்லா மொட்டை மாடியிலும் துணி காய்கிறது. ஊர் பார்க்க அழகாக இருக்கிறதென்று காசு கொடுத்து வருகிறார்களே, அவர்களில் யாரையாவது இந்த மதிய வெயிலில் உட்காரவைக்க வேண்டும். எனக்கு இது பிடித்திருக்கிறது. ஆனால் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. முழங்கால் இல்லை, மனசுதான்.

வருவாயா, மாட்டாயா?

தங்கை


பிப்ரவரி 24

தங்கச்சிக்கு,

மாப்பிள்ளை மேலே வந்ததைப் படித்தேன். அதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை.

நான் கேட்டது ஒரு வரி. நீ நான்கு பக்கம் எழுதுகிறாய். அந்த ஒரு வரி மட்டும் அதில் இல்லை.

அண்ணன்


மார்ச் 6

அண்ணா,

எனக்கு நினைவு வந்துவிட்டது.

அன்று தூறல் போட்டுக்கொண்டிருந்தது. நாம் மொட்டை மாடியில் நின்றோம். நீ குடையை மடக்கி, அதன் நுனியால் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினாய். "கோடையில் சூரியன் இதன் பின்னால்தான் மறையும். நகர்த்துகிற பெஞ்சாகப் போடுங்கள்" என்றாய். தெளிவாகச் சொன்னாய். நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். நீ சொன்னாய், நான் கேட்டேன். கேட்டிருந்தும் அன்று சிரித்தேன். அது தவறு.

கட்டிடத்துக்காரர் மறுபடி வந்து போனார்.

தங்கை


மார்ச் 14

அண்ணா,

போன கடிதம் போட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. தூறல், குடை எல்லாம் நான் இட்டுக்கட்டியது. நீ சொன்னதாக எனக்கு இன்றைக்கும் ஒரு சொல்கூட நினைவில்லை. உன் கடிதத்தில் இருந்ததையே எடுத்து, மேலே கொஞ்சம் மழை தெளித்து உனக்கே திருப்பி அனுப்பினேன்.

இவரிடம் சொன்னேன். போனில் நெடுநேரம் தட்டினார். ஏதோ பெரிதாகத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். காட்டினபோது, "எனக்கு நினைவிருக்கு. டைல்ஸ் கடையில சொன்னார். நீ பில் போடுற இடத்துல நின்னே. எனக்குக் கேட்டுச்சு. படி கட்டுற ஆசைல கேக்காத மாதிரி இருந்துட்டேன்" என்று இருந்தது. இவ்வளவு வருஷம் அந்த ஜோக்கை எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்கலாம். கேட்டு என்ன ஆகப்போகிறது? பேச்சிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். இப்போது எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார்.

ஆகவே நீ சொன்னது உண்மை. நான் கேட்டேன் என்பது மட்டும் உண்மையில்லை. நீ கேட்டதோ அதைத்தான். அதைக் கொடுக்க என்னிடம் இல்லை. பொய்யை நம்பி நீ வந்து நின்றால், தினமும் உன் முதுகைப் பார்த்துக்கொண்டு என்னால் கரண்டி பிடிக்க முடியாது. வர வேண்டாம். திங்கட்கிழமை கட்டிடத்துக்காரரிடம் விட்டுவிடுகிறேன் என்று சொல்லப்போகிறேன்.

தங்கை


மார்ச் 14

தங்கச்சிக்கு,

உன் ஆறாம் தேதிக் கடிதம் கிடைத்தது. நீ எழுதியது சரி. அப்படித்தான் நடந்தது. மொட்டை மாடி, தூறல், குடை எல்லாம் சரி. தூறல் போட்ட நாளில் சூரியன் எப்படித் தெரிந்தது என்று கேட்கிற வாத்தியார் புத்தி எனக்கு உண்டு. கேட்கவில்லை.

உன் கையெழுத்தை உனக்கு எழுதக் கற்றுக்கொடுத்த நாளிலிருந்து பார்க்கிறேன். எல்லா எழுத்தையும் சாய்த்து ஓட்டுவாய். இந்தக் கடிதத்தில் ஒவ்வோர் எழுத்தும் நிமிர்ந்து நிற்கிறது, தலைமையாசிரியர் அறையில் நிற்கிற மாதிரி. உன் கடிதத்தில் நக்கல் இல்லாமல் நான் பார்த்தது இதுதான் முதல் முறை. இந்த வரியைக் கேட்டு உன்னை நான் எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன் என்று ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

சென்டரில் சொல்லிவிட்டேன். யாரும் தடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வந்துவிடுவேன். இந்தக் கடிதம் முந்துகிறதா, நான் முந்துகிறேனா தெரியாது. கட்டிடத்துக்காரரிடம் அதுவரை எதுவும் சொல்லாதே.

மாப்பிள்ளையை மேலே வரச் சொல். எழுப்புகிற வேலை என்னுடையது. வரவேற்கிற வேலை அவருடையது. அதற்குக் கையும் முகமும் போதும், அவருக்கு இரண்டும் என்னைவிட நன்றாக இருக்கின்றன. எங்களுக்குள் ஒத்துவரும் என்று நான் சொல்லவில்லை. அவர் பேசமாட்டார், நானும் பேசமாட்டேன். அவ்வளவுக்குச் சமாளிக்கலாம்.

படிகளின் வலது பக்கம் நாற்காலிகளைப் போட்டு வை. ஸ்டேஷனுக்கு யாரும் வர வேண்டாம். எனக்காகச் சமைத்து வைக்காதே; வழியில் சாப்பிட்டுக்கொள்கிறேன். நீ அன்றைக்குக் கொஞ்சம் நேரம் கழித்து எழுந்திரு.

அண்ணன்